ஏழு பேர் படம் போட்ட ஒற்றை ஆள் கம்பெனி

1

ஊரிலிருந்து தம்பிகள் எழுதுகிறார்கள். போடியில் காலேஜ் முடித்தவர்கள், தேனியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், சிலர் நான் முகமே பார்க்காதவர்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சொந்தமா தொழில் தொடங்கலாம்னு இருக்கேன். தனியா இறங்கவா, நாலு பேரச் சேத்துக்கவா?"

போன வருடம் வரை யோசிக்காமல் பதில் போடுவேன். தனியாக இறங்கு தம்பி, ஆள் கூடினால் பேச்சுத்தான் கூடும், சோலி நடக்காது என்று. இப்போது அந்தக் கேள்வி வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத் தெம்பில்லாததால் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துபோனார். அம்மா இருபத்தைந்து வருடமாக விடியலில் ஜீப்பு ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்தவர். மேல்படிப்புக்கு என்று சுவீடனுக்கு வந்தேன். படித்து முடித்து, ஒரு சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டேன். நான் இருக்கும் ஊரின் பெயரை நம் ஆட்கள் கோதன்பர்க் என்போம். என் ஐந்து வயது மகள் அப்படிச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். "யோத்தெபோரி, அப்பா, யோத்தெபோரி." இங்கே வந்த நாளிலிருந்து ஏழு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், அவள் வாயில் வருவதுபோல என் வாயில் வரவில்லை.

2

இந்த நாட்டுக்காரர்கள் ஏலக்காய்ப் பைத்தியம் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெருவுக்கு ஒரு கடையில் ஏலக்காய் பன் சுடுகிறார்கள். வந்த முதல் குளிரில் அப்படி ஒரு கடை வாசலில் அந்த வாசனை வந்தது. ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஏலக்காய் போட்டு யாரும் டீ குடித்ததில்லை. சாயங்காலம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் அம்மா எஸ்டேட்டிலிருந்து கிளம்ப முடியும். எனக்கு அந்த வாசலில் வந்தது ஒரு தொழில் யோசனை, அவ்வளவுதான்.

இங்கே தோலை எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் ஏலரிசியை மட்டும்தான் இடித்துப் போடுகிறார்கள். போடியில் காய்க்கு விலை சொல்வது பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து. இங்கே வேண்டியது கறுத்து, பிசுபிசுவென்று எண்ணெய் ஏறிய அரிசி. இதை நான் சொன்னதும் பளிச்சென்று புரிந்துகொண்டவர் பேச்சியக்கா.

பேச்சியக்காதான் அம்மாவின் செட்டுக்குத் தலைவி. செட்டு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மலை வேலைக்குப் பெண்கள் தனித்தனியாகப் போவதில்லை. ஏழெட்டுப் பேர் ஒரு செட்டாகச் சேர்வார்கள். ஒரே ஜீப்பு, ஒரே தோட்டம். செட்டில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர்கள் தங்கள் காயில் ஆளுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டு அவள் பெயரில் ஒரு மூட்டையை எடைக்கு வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அவள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. கங்காணிக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். நான் பத்தாவது பரீட்சை எழுதியபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. இருபது நாள் பாயில் கிடந்தார். இருபது நாளும் அம்மா பெயரில் மூட்டை எடைக்குப் போனது.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு இளகவில்லை. எரிச்சல்தான் வருகிறது. படித்ததிலிருந்து விமானம் ஏறியது வரை என்னுடைய ஒவ்வொன்றிலும் யாராவது இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். யாரும் கை வைக்காத ஒரு பொருள் எனக்கே எனக்கென்று வேண்டியிருந்தது.

ஆனால் முதலில் அவர்களோடுதான் தொடங்கினேன். என்னோடு பள்ளியில் படித்த செல்வம் ஜீப்பு ஓட்டுகிறவன். குரங்கணிக்கு மலையேற வருகிறவர்களை ஏற்றிப் போய் ஓரளவு இங்கிலீஷ் பேசுவான். தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் வாங்குவது அவன் பொறுப்பு. பேச்சியக்காவும் ஆறு பேரும் ஓய்வு நாளில் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தர் என் அம்மா. இங்கே சோதனைச் சான்று, சுங்கம், உணவு அலுவலகம், வாடிக்கையாளர் எல்லாம் நான். வருகிற லாபத்தில் எல்லாருக்கும் பங்கு என்று பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை.

அனிக்கா என்ற அம்மாள் எங்கள் காயை வாங்க ஆரம்பித்தார். இந்த ஊரில் மூன்று பன் கடை வைத்திருப்பவர். இன்றுவரை என் வியாபாரத்தில் முக்கால்வாசி அவர் ஒருத்தர்தான். அவர் கேட்டார் என்பதற்காகச் செல்வம் ஒரு படம் எடுத்து அனுப்பினான். ஏழு பேரும் மடியில் காய் புடைக்கும் சொளகோடு உட்கார்ந்திருக்கிற படம். அதைப் பாக்கெட்டில் அச்சடித்தேன்.

3

அவர்களை விட்ட கதை சின்னது.

ஒரு தடவை மூட்டை கட்டித் தயாராக இருந்த சரக்கைப் பேச்சியக்கா நிறுத்திவிட்டார். இளங்காய் கலந்திருக்கிறது, அடுத்த எடுப்பு வரட்டும் என்றார். அதே வாரம் செட்டில் ஒருத்தர் மகளுக்குச் சடங்கு. ஏழு பேரும் போய்விட்டார்கள். நான் இங்கே ஒன்பது நாள் அனிக்காவுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது தொழில் தொடங்குபவர்களுக்கு நகராட்சி நடத்திய சாயங்கால வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடத்துகிறவர் ஒவ்வொருவரையும் கேட்டார், உங்கள் நிறுவனத்தில் முடிவெடுப்பது யார் என்று. என் முறை வந்தது. பேச்சியக்கா என்றேன். யாரது என்றார். காய் பொறுக்கும் பெண்களின் தலைவி, எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்தச் சிரிப்பை வகுப்பிலேயே விட்டுவிட்டு என்னால் வீட்டுக்கு வர முடியவில்லை.

மறுநாள் செல்வத்துக்கு ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்பினேன். "செல்வம், இனிமே நானே பாத்துக்கிறேன். ஏதாச்சும்னா கூப்புடுறேன்." அவன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டார்.

"இனி உன் காயி எங்களுக்கு வராதாப்பா?"

"வராதும்மா. மிசின்ல தரம் பிரிச்ச காய வியாபாரிகிட்டயே வாங்கிக்கிறேன். உனக்கென்ன, வீட்டுல இரு. பணம் அனுப்புறேன்."

"வீட்டுல இருந்து சொவத்தப் பாக்கவா" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

காகிதத்தில் கம்பெனி முதலிலிருந்தே என் ஒருவன் பெயரில்தான் இருந்தது. பாக்கெட்டில் இருந்த படத்தை மட்டும் மாற்றவில்லை. படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இணையப் பக்கத்தில் 'எங்கள் குழு' என்ற இடத்திலும் அதே படம்தான். மகள் பள்ளியில், அப்பாவுக்கு ஏழு பாட்டிகள் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். ஆசிரியை என்னிடம் அதை ஆசையாகச் சொன்னபோது தலையாட்டினேன்.

உணவு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நான் காய் வைத்திருக்கும் அடித்தள அறையைப் பார்க்க வந்தார். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "நாங்கள் ஒருவர்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். 'நாங்கள்' போட்டே எழுதிப் பேசிப் பழகிவிட்ட வாய். அவர் சிரிக்கவில்லை. தாளில் 1 என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

4

இந்த வருடம் கம்பெனிக்கு நாலு வருடம் முடிந்த அன்று அனிக்காவின் கடைக்குச் சரக்கு கொண்டுபோனேன். வாழ்த்துச் சொல்லி ஒரு பன் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்து ஒப்பந்தம் போடும் முன் இந்தப் பெண்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். பயணச்சீட்டே பார்த்து வைத்திருந்தார்.

முடியாது என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. மழை, வெயில், திருவிழா எதையாவது சொல்லியிருக்கலாம். சந்தோஷம், வாருங்கள் என்றேன். அந்த ஒப்பந்தம் போனால் கம்பெனி இல்லை. அது மட்டும்தான் அப்போது தலையில் ஓடியது.

அவருக்கு இரண்டு நாள் முன்னதாகப் போடிக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் செல்வம் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டான்.

"ஏ மாப்ளே, எங்கள அனுப்புனது ஒரு வாய்ஸ் நோட்டுல. திரும்பக் கூப்புட மட்டும் பிளேன் ஏறி வந்திருக்க. நாங்க பெரிய ஆளுகதான் போல."

"ஒரு நாளு மட்டும்டா."

"ஒரு நாளுக்கு நடிக்க ஆளு வேணும்னா மதுரையில கம்பெனியே இருக்கு. கல்யாணத்துக்கே கூட்டம் அனுப்புறானாம்" என்றான். பிறகு, "எனக்கு என்ன. அக்காகிட்ட நீயே பேசு" என்று ஜீப்பில் ஏறச் சொன்னான்.

பேச்சியக்காவின் செட்டு இப்போது போடியிலேயே ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, மலை வேலை இல்லாத நாட்களில் வியாபாரிகளுக்குக் காய் பொறுக்கிக் கொடுக்கிறது. செல்வம்தான் காய் கொண்டுவந்து கொண்டுபோகிறான். நான் உள்ளே போனபோது யாரும் கையை நிறுத்தவில்லை.

"ஓனரு வந்திருக்காரு. எந்திரிச்சு நில்லுங்கடி" என்றது ஒரு குரல்.

"எந்திரிச்சா முட்டி பேசும், ஒக்காந்தே கும்புட்டுக்கிறோம்" என்றது இன்னொன்று. அம்மா தலை நிமிராமல் சொளகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு நாளு தான? இருக்கோம். ஒன் ஆத்தா மொகத்துக்காக. ஆனா எங்கள பொய் சொல்லச் சொல்லாத தம்பி. அந்தப் புள்ள கேட்டா உள்ளதத்தேன் சொல்லுவோம்."

சரிக்கா என்றேன். மனசு லேசாகிவிட்டது. அவர்கள் உள்ளதைச் சொல்லட்டும். மொழிபெயர்க்கப் போவது நான்தானே.

5

அனிக்கா மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அவர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், காலு மரத்துப் போகும். ஒரு பலகயப் போடுங்கடி" என்றார் பேச்சியக்கா.

அனிக்கா முதலில் என்னிடம் கேட்டது அவர்கள் பெயர்களை. நான் கைகாட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். இவர் பேச்சியக்கா, இது அம்மா, இது மதினி, இது சித்தி, அது இன்னொரு மதினி. இங்கே எல்லாரும் உறவு முறைதான், குடும்பம் மாதிரி என்று பெருமையாக விளக்கினேன். "சரி, ஆனால் பெயர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி கையில் சோறு தின்றிருக்கிறேன். அவர் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அனிக்கா தன் நெஞ்சில் கை வைத்து "அனிக்கா" என்றார். அவ்வளவுதான், வரிசையாக வந்தது. தனலட்சுமி. முருகாயி. ராக்கு. செல்லத்தாய். ஈஸ்வரி. பேச்சியம்மாள். கடைசியாக என் அம்மா, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்வதுபோல நிமிர்ந்து, "பவுன்தாய்" என்றார். அனிக்கா ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். முருகாயி மட்டும் வாயில் வராமல் மூன்று தடவை திணறினார். அறை முழுக்கச் சிரிப்பு.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியை எடுத்தார். என்னிடம் கடைசியாக வாங்கிய சரக்கில் ஒரு கை காய். அதைப் பேச்சியக்காவின் சொளகில் கொட்டி, இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

பேச்சியக்கா ஒரு காயை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். நகத்தால் கீறி உள்ளே பார்த்தார். வெளுத்த அரிசி. இன்னொன்று. அதுவும் அப்படித்தான்.

"இது நாங்க பொறுக்குன காயி இல்ல. ரெண்டு வருசமா ஒனக்கு நாங்க பொறுக்கல. சொல்லு தம்பி" என்றார்.

செல்வம் வாசலில் நின்றிருந்தான். இங்கிலீஷில் சொன்னால் அவனுக்குப் புரியும். அதனால் சுவீடிஷில் சொன்னேன்: "இது மழைக்காலத்துக் காய், அடுத்தது நன்றாக இருக்கும் என்கிறார்."

அறையில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சியக்காவின் கை வேலையைத் தொடங்கிவிட்டது. அது அவர் யாருக்காகவும் செய்ததல்ல. சொளகில் காய் விழுந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. நல்லதை உள்ளே இழுத்தது, மற்றதைப் புறங்கையால் கழிவுக் குவியலில் தள்ளியது. இழுத்தது ஐந்தாறு காய். தள்ளியது மீதி அத்தனையும். அனிக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காய் எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றதால் செல்வத்தின் ஜீப்பில் குரங்கணி வழியாக மேலே போனோம். அனிக்கா முன் சீட்டில். நான் பின்னால் சாக்குகளோடு. செல்வம் தன் இங்கிலீஷை வைத்துக்கொண்டு சரிவைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவன் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். அன்று முழுக்க அவர்களுக்கு நடுவில் நான் தேவைப்படவே இல்லை.

மதுரைக்குத் திரும்பும் ரயிலில் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக அந்தப் பெண்கள் எனக்கு வேலை செய்யவில்லை, நான் சொன்னது பொய் என்று. மன்னிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன், அதையும் மறைப்பானேன்.

"காய் கெட்டுப்போனது எனக்கு முன்பே தெரியும். நீ அவர்களுக்குக் கூலியைக் குறைத்துவிட்டாய் என்று நினைத்தேன். அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் அனிக்கா. கோபம் இல்லை. அப்புறம், "உனக்குக் காகித வேலை நன்றாக வருகிறது. அதைச் செய்" என்றார்.

6

அடுத்த வருடத்து ஒப்பந்தத்தை அனிக்கா அவர்களோடு போட்டுவிட்டார். செல்வமும் ஏழு பேரும் சேர்ந்து ஒரு குழுவாகப் பதிந்துகொண்டார்கள். பாக்கெட்டில் இப்போது படத்தின் கீழே ஏழு பெயரும் இருக்கிறது. மகள் கடையில் அதை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இதில் உன் பெயர் எங்கே என்று கேட்டாள். சுவீடிஷில்தான் கேட்டாள். நானும் தமிழில் சொல் என்று திருத்தவில்லை.

மூன்று வாரம் முன்பு செல்வம் கூப்பிட்டான்.

"மாப்ளே, இந்தச் சான்று, சுங்கக் காயிதம் எல்லாம் எங்களுக்கு வெளங்கல. நீ சேந்துக்க. அக்காகிட்டயும் கேட்டுட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"வரட்டும்னாக. எல்லாருக்கும் என்ன பங்கோ அதான் அவனுக்கும், கூடக் கெடையாது கொறையக் கெடையாதுன்னாக. முடிவு பண்றப்ப ஒனக்கும் ஒரு கை தூக்கலாம். ஒம்பதுல ஒன்னு. வெரசா சொல்லு, அடுத்த லோடு கெளம்பணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சோலியா இருக்கு, பெறகு பேசுறேன் என்று சொல்லச் சொன்னாராம் அம்மா.

அந்த லோடு வந்து சேர்ந்துவிட்டது. இங்கே ஒரு கூலி ஆளை வைத்துக் காகித வேலையை முடித்துக்கொண்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் கம்பெனி இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லை. மாதாமாதம் வரி அலுவலகத்திலிருந்து என் பெயருக்குக் கடிதம் வருகிறது, பூஜ்யம் போட்டு அனுப்புகிறேன்.

வெட்கத்தால்தான் பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்புகிறாள், என்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள். தம்பிகளே, கேட்டீர்களே என்பதற்காக உங்களுக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். வெட்கமெல்லாம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பேச்சியக்கா கை தூக்கினாலும் ஒன்று, நான் தூக்கினாலும் ஒன்று என்பதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஒன்பதில் ஒன்று எனக்குக் குறைவாகத் தெரிகிறது.